மூன்று பிரதி, ஒரே பை

"போட்டோவை மூணு எடத்துல வச்சிருக்கேன்னு சொன்னீங்களே... எந்த மூணு எடம்?"

"கார்டுல ஒண்ணு... லேப்டாப்புல ஒண்ணு... ஹார்ட் டிஸ்க்குல ஒண்ணு..."

"அந்த மூணும் எங்க இருந்துச்சு?"

"பையில..."

"எத்தனை பையில?"

கேட்டது மனைவி. கணவருக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டக்கூடத் தைரியம் வரவில்லை.

மலை உச்சி லாட்ஜ். ஏழாம் நம்பர் அறை. காலை எட்டே முக்கால்.

கட்டிலுக்கு அடியில் பை இல்லை! அதை யாரோ இழுத்த தடம் மட்டும் தூசியில் பளிச்சென்று தெரிந்தது. லாட்ஜின் சுத்தத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை.

கணவருக்கு ஆபீசில் பெயர் 'பேக்கப்'. வேலை, வங்கியில் லாக்கர் பிரிவு. ஊராரின் நகையை மூன்று பூட்டுப் போட்டுக் காக்கிறவர். சொந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு டிபன் சாப்பிடப் போனார்!

மனைவி கத்தியதில் நியாயம் இருந்தது. அவள் தம்பி போலீஸ் லாக்கப்பில் இருந்தான்... கொலைக் கேஸில்!

தம்பிதான் இவர்களை மலைக்குக் கூட்டி வந்த சுற்றுலா வேனின் டிரைவர். அதே வேனில் வந்த மரக்கடைக்காரர் நேற்று விடியற்காலையில் வியூ பாயின்ட் பக்கம் போனார். திரும்பவில்லை. கிடைத்தது ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, புதரில் தொங்கிய சால்வை. கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். தேடப் போனவர்கள் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

லாட்ஜ் மேனேஜரம்மா சாட்சி சொன்னாள்.

"டிரைவர்தான் அவரைக் கூட்டிட்டுப் போனார். அப்புறம் தனியா திரும்பி வந்தார்... என் கண்ணால பார்த்தேன்!"

தம்பி அழுதான். "நான் அந்நேரம் ஸ்டெப்னி மாத்திட்டு இருந்தேன் சார்!"

ஸ்டெப்னி சாட்சி சொல்லாது.

ஆனால் கேமரா சொல்லும்! அந்நேரம் பேக்கப் பால்கனியில் நின்று சூரியோதயத்தை நானூற்றுப் பன்னிரண்டு தடவை எடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் வியூ பாயின்ட் அப்படியே விழுந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நேற்றே கார்டைக் கேட்டார். பேக்கப் மறுத்தார்.

"மூணு காப்பி ஆகாம கார்டு கை மாறக் கூடாது சார். அது ரூல். காலையில தர்றேன்."

எடுத்த படத்தைப் பார்த்தாவது தொலைத்தாரா என்றால் அதுவும் இல்லை. முதலில் பேக்கப்... பார்ப்பதெல்லாம் அப்புறம்! இந்த ரூலை நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் லாட்ஜுக்கே பாடம் எடுத்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருவர் கவனமாகவே கேட்டிருக்கிறார்.

"காலை ஆயிடுச்சு சார்... கார்டு?"

வாசலில் இன்ஸ்பெக்டர்! பின்னால் மேனேஜரம்மாவும், புதிதாகக் கணவனை இழந்த மரக்கடை அம்மாவும்.

"திருடு போயிடுச்சு சார்" என்றாள் மனைவி.

"மூணு காப்பியுமா?"

"மூணு காப்பியும் ஒத்துமையா போயிடுச்சு சார்."

இன்ஸ்பெக்டர் பேக்கப்பை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கும் உங்க பேங்க்லதான் லாக்கர். நாளைக்கே காலி பண்றேன்."

"பூட்டு உடையவே இல்லையே மேடம்" என்றாள் மேனேஜரம்மா. "நீங்க பூட்ட மறந்திருப்பீங்க."

"நானேதான் பூட்டினேன். ரெண்டு தடவை இழுத்தும் பார்த்தேன்!"

மனைவியின் பார்வை மரக்கடை அம்மா மேல் திரும்பியது. வேனில் வந்த வழியெல்லாம் புருஷனை வறுத்தெடுத்தவள் இவள். நேற்று, போட்டோவில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டவளும் இவளே.

"ஏன்க்கா... நீங்க எதுக்கு போட்டோவைப் பத்தி அப்படி விசாரிச்சீங்க?"

"என்னடி சொல்ற? நான் தள்ளிவிட்டேன்னா?" மரக்கடை அம்மா முந்தானையை உதறிச் செருகினாள். "எனக்கு அவரைத் தள்ளணும்னா இருபத்தெட்டு வருஷத்துல எத்தனை மொட்டை மாடி இருந்துச்சு! இவ்வளவு தூரம் வேன் பிடிச்சு வரணுமா?"

இன்ஸ்பெக்டருக்கு அந்த வாதம் பிடித்துப் போனது.

அப்போது...

மனைவியின் போன் அலறியது!

மாமியார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க அத்தை..."

"ஏம்மா, நீங்க மலைக்குப் போனீங்களா, சலூனுக்குப் போனீங்களா? என் ஹால்ல உன் புருஷன் மாட்டின டிஜிட்டல் போட்டோ ஃபிரேம்ல ஒரு தடியன் பத்து நிமிஷமா முறைச்சுப் பார்க்கிறான். அவன் அனுப்பற படம் சாமானியத்துல போகவும் மாட்டேங்குது!"

பேக்கப் துள்ளி எழுந்தார்.

"சார்! லேப்டாப்புல மூணு தடவை தப்பா பாஸ்வேர்டு போட்டா, போடறவன் மூஞ்சியை அதுவே படம் பிடிச்சு அம்மா வீட்டு ஃபிரேமுக்கு அனுப்பிடும்!"

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?" மனைவி பல்லைக் கடித்தாள்.

"நீ பேக்கப்பைப் பத்திதான கேட்ட? இது செக்யூரிட்டி."

"அப்ப அந்த நானூறு சூரியனும் அத்தைக்குப் போயிருக்குமே!"

"இந்த லாட்ஜ் வைஃபைக்கு ஒரு சூரியனையே தூக்க முடியாது. இது சின்னப் படம்... நழுவிப் போயிருக்கு."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"இந்த லாட்ஜ் வைஃபையா? அப்ப லேப்டாப்..."

"இங்கதான் இருக்கு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜரம்மாவின் கையிலிருந்த சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது.

"அத்தை, ஆளு எப்படி இருக்கான்? அடையாளம் சொல்லுங்க!"

"கன்னமெல்லாம் சோப்பு நுரை. பாதி மீசை இருக்கு... பாதியைக் காணோம். புருவத்துக்கு மேல கொட்டைப்பாக்கு சைஸுல ஒரு மரு."

மரக்கடை அம்மா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வலது புருவமா?"

"ஆமா. உனக்குத் தெரிஞ்சவனா?"

"தாலி கட்டினவரு."

மனைவி போனைக் கிட்டே இழுத்தாள்.

"அத்தை... அவருக்குப் பின்னாடி என்ன தெரியுது?"

"சாவியா தொங்குதும்மா. ஆணி ஆணியா... நம்பர் போட்டு."

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் மேனேஜரம்மா பக்கம் திரும்பின.

கவுன்டருக்குப் பின்னால் அவளுடைய அறை. இன்ஸ்பெக்டர் ஒரே உதையில் கதவைத் திறந்தார். பிணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது! மடியில் லேப்டாப், கையில் சவரக் கத்தி, முகத்தில் அரை மீசை. படத்தில் தான் விழுந்திருக்கிறோமா என்று பார்க்க, நாலாவது பாஸ்வேர்டை யோசித்துக்கொண்டிருந்தது.

முதல் மூன்றும் என்னவென்று பிறகு தெரிந்தது. பேக்கப், பேக்கப் ஒன்று, பேக்கப் இரண்டு.

நானூற்றுப் பன்னிரண்டையும் அங்கேயே திறந்தார்கள். இருநூற்று ஏழாவது படத்தில் மரக்கடைக்காரர் தன்னந்தனியாக நின்று தன் செருப்பைத் தானே பள்ளத்தில் வீசிக்கொண்டிருந்தார். மரம் வாங்க மாதாமாதம் மலைக்கு வந்தவர், மேனேஜரம்மாவிடம் மனதைக் கொடுத்து, வீட்டுக்குச் செத்துப் போகத் தீர்மானித்தவர். சாவு நம்பும்படி இருக்க ஒரு கொலைகாரன் வேண்டியிருந்தது. வாசலில் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டு ஒருவன் இருந்தான்.

"மீதி மீசையையும் எடுத்துட்டு வாங்க" என்றாள் மரக்கடை அம்மா, ரொம்ப மெதுவாக. "வீட்டுக்குப் போகலாம்."

"சார்!" அவர் இன்ஸ்பெக்டரின் காலைப் பிடித்துக்கொண்டார். "என்னை லாக்கப்புல போடுங்க சார்!"

போட்டார்கள். தண்டனை முடிந்த அன்று ஜெயில் வாசலில் மரக்கடை அம்மா ஒரு புதுச் சால்வையோடு காத்திருந்தாள். மேனேஜரம்மா பொய்ச் சாட்சிக்கான ஆறு மாதத்தை முடித்துக்கொண்டு, மலையே இல்லாத ஊராகப் பார்த்துப் போய்விட்டாள்.

லாக்கப்பைத் திறந்துவிட்ட பெண் கான்ஸ்டபிளையே தம்பி கல்யாணம் செய்துகொண்டான். வேறு ஊருக்குக் குடியும் போயாயிற்று. கல்யாணப் படம் எடுத்தவர் பேக்கப்தான். மூன்று பிரதிகளையும் மனைவி வாங்கி மூன்று வீட்டில் வைத்தாள்.

மாமியார் வீட்டு ஃபிரேமில் மட்டும் அந்த அரை மீசை இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது.

"இந்தத் தடியனை எப்பத்தான்டா எடுப்ப?" என்று மகனிடம் வாரந்தோறும் கேட்கிறாள்.

பேக்கப் தலையைச் சொறிகிறார். சேமிக்கத்தான் தெரியும் அவருக்கு... அழிக்கத் தெரியாது!