வாளிக்குள் ஒரு சாட்சி

அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் எல்லோருக்கும் அவள் 'முரண்டு'தான். யாராவது முடியாது என்று சொல்லிவிட்டால் போதும், இடுப்பில் கைவைத்துக்கொண்டு "ஏன் முடியாது?" என்று நிற்பாள்.

அன்று காலை அம்மாவே அப்படிச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்குக் குளத்துல மருந்து போட்டு எல்லா மீனையும் அழிச்சிடணுமாம். ஒண்ணும் பண்ண முடியாதுடி."

அம்மாவின் குளத்தில் நானூறு கெண்டைகள். எல்லாம் விரல் நீளக் குஞ்சிலிருந்து வளர்த்தவை. பத்து நாளாகத் தினமும் இரண்டு மூன்று செத்து மிதந்தன. செத்த மீனை அம்மா மூன்று முறை சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். மூன்று முறையும் 'ஒன்றும் தென்படவில்லை' என்று தாள் கொடுத்தார்கள். என்ன நோயென்றே தெரியவில்லை, பக்கத்துக் குளங்களுக்குப் பரவுவதற்குள் அழித்துவிடுங்கள் என்று உத்தரவும் வந்துவிட்டது.

முரண்டு கோபமாகக் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய செல்லக் கெண்டை தொப்பையப்பன், குளத்துச் சுவரில் விலாவைத் தேய்த்துத் தேய்த்து நீந்திக்கொண்டிருந்தது.

"டேய், உனக்கு அரிக்குதா?"

தெருமுனைக் கருப்பு நாயும் இப்படித்தான் சுவரில் உரசிக்கொண்டே திரிந்தது. உடம்பெல்லாம் உண்ணி. அது செத்த அன்று, உண்ணிகள் இறங்கி ஓடியதை முரண்டு தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

அவள் துள்ளி எழுந்தாள்.

"அம்மா! நாம தப்பான மீனைக் கொண்டுபோயிருக்கோம்!"

ஒரு மணி நேரத்தில் இருவரும் சோதனைக்கூட வாசலில் நின்றார்கள். அம்மாவின் கையில் வாளி. வாளிக்குள் தொப்பையப்பன்.

"உயிர் மீன் உள்ள வரக்கூடாது" என்றார் காவலர். "செத்ததை ஐஸ்ல வச்சுக் கொண்டுவாங்க. அதான் விதி."

"செத்ததுல ஒண்ணும் இல்லைன்னு மூணு தடவை சொல்லிட்டீங்களே மாமா!"

"அதுக்கு நான் என்ன பண்றது? வாளி படி தாண்டக்கூடாது."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, எல்லாரும் பாக்குறாங்க. மானம் போகுது."

"போகட்டும்மா. மீன் போகக்கூடாது."

முரண்டு படியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "சரி மாமா, வாளி உள்ள வரலை. நுண்ணோக்கி வெளிய வரக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

காவலர் சுவரிலிருந்த விதிப்பலகையை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"என்ன கலாட்டா இங்க?" என்று சோதனைக்கூட அக்கா வெளியே வந்தாள். முரண்டு நாய், உண்ணி, கெண்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. "உயிர் மீன்லதான் பாக்கணும்னு நானும் எத்தனையோ தடவை மேல எழுதிட்டேன். யார் கேக்குறாங்க?" என்றவள், காவலர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த மேசையை ஒரு பக்கம் பிடிங்க!"

நுண்ணோக்கி வராந்தாவுக்கு வந்தது. அக்கா தொப்பையப்பனின் விலாவிலிருந்த வழவழப்பைக் கண்ணாடித் தகட்டால் மெல்ல வழித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். அப்புறம் நகர்ந்துகொண்டாள்.

"நீயே பாரு."

முரண்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். "ஐயோ! வட்ட வட்டமா, சக்கரம் மாதிரி சுத்துது! உள்ள பல்லு வேற!"

"மீன் தோல்ல வாழ்ற ஒட்டுண்ணி. மீன் செத்ததும் இதுவும் போயிடும், அதான் எங்க கண்ணுல படலை. உப்புத் தண்ணி வைத்தியம் இருக்கு. குளத்தை அழிக்க வேண்டாம், நான் எழுதித் தர்றேன்."

அம்மா வாளியைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

"நானும் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று காவலர் மெதுவாகக் கேட்டார்.

அதன்பிறகு ஒரு மாதத்தில் குளத்தில் மீன் சாவது நின்றுபோனது. நன்றி சொல்ல முரண்டு சோதனைக்கூடத்துக்குப் போனாள். விதிப்பலகையின் அடியில், காயாத பெயின்ட்டில் புது வரி ஒன்று இருந்தது: 'உயிருள்ள மீன் கொண்டு வருவோர் உள்ளே வரலாம்.'

"இப்ப திருப்தியா?" என்றார் காவலர்.

முரண்டு இடுப்பில் கைவைத்தாள்.

"ஏன் மாமா இதைக் கடைசியில போட்டிருக்கீங்க? முதல் வரியா போட்டா என்ன?"