காராமணிதின்னியும் கொட்டாப்புளிக்காரனும்

“திருடன்! திருடன்!”

சாயக்காரி அசித்தான் போட்ட சத்தத்தில் பமாக்கோ நகரின் ஆற்றங்கரையே திரும்பிப் பார்த்தது. சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் சாயம் தோய்த்துக் கொடியில் போட்டிருந்த துணிகளை யாரோ ஒரு நெட்டையன் உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

“நனையுதேன்னு எடுத்தா திருடனா? நல்லா இருக்கே நியாயம்! உன் குடும்பப் பேரு என்ன?”

“த்ராவோரே. அதுக்கென்ன இப்போ?”

“அதானே பார்த்தேன்! காராமணிதின்னி! வயிறு முட்டத் தின்னா கண்ணு எங்கே தெரியும்?”

“யாரு நீ?”

“சுமானா தியாரா.”

போச்சு! தியாரா குடும்பமும் த்ராவோரே குடும்பமும் கேலி முறைக்காரர்கள். கண்ட இடத்தில் ‘காராமணிதின்னி’, ‘அடிமை’ என்று ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் வாரலாம், கோபம் மட்டும் வரக் கூடாது. முன்னோர் போட்ட கட்டு அது. அசித்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அடடா, நம்ம வீட்டு அடிமையா? அப்போ மடிச்சு வை, ஒழுங்கா!”

மடித்து வைத்தான்... இமையில் மழைத்துளி தொங்க அவளை நிமிர்ந்து பார்த்தான். வாய்தான் கேலி பேசியது, அந்தக் கண்கள் பேசவில்லை.

அவன் அடுத்த சந்துப் பட்டறையில் கொட்டாப்புளிக்காரன். பஸான் என்ற பருத்தித் துணியில் பூ நெசவிலேயே இருக்கிறது. ஆனால் சாயமேறிப் பசை போட்டுக் காய்ந்த துணியை, எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து மரக் கொட்டாப்புளியால் மாற்றி மாற்றி அடித்தால்தான் அந்தப் பூ பளபளவென்று எழும்பும். அன்றிலிருந்து துணி எடுக்க அவனே வந்தான். மயில்நீலம், எலுமிச்சை மஞ்சள், ராணி நிறம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல். அவளும் சளைத்தவள் இல்லை.

ஒருநாள், சாயக்காரப் பெண்கள் எட்டுப் பேர் சூழ்ந்திருக்கும்போது கேட்டுவிட்டான்.

“ஏய் காராமணிதின்னி, என்னைக் கட்டிக்கிறியா?”

பதில் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கேலி முறைக்காரன் வாயில் வருவது எது நிஜம், எது விளையாட்டு? ‘ஆமாம்’ என்று சொல்லி, அவன் சிரித்துவிட்டால்? எட்டுப் பேர் முன்னால் மானம் போகுமே...

“அடிமைக்கு எஜமானி கேக்குதோ?” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாள் துணி எடுக்க வேறொருவன் வந்தான்.

பதினேழு நாள். இத்தனை பேர் பேசும் கரையில் ஒரு குரல் இல்லாததற்கு இவ்வளவு வெறுமையா? மஞ்சள் துணியைத் தொட்டியிலேயே மறந்து ஆரஞ்சாக்கினாள். கைகள் சாயத்தில் இருந்தாலும் காது என்னவோ அடுத்த சந்தில்தான் இருந்தது. முப்பது கொட்டாப்புளிகளில் அவனுடையது எது என்று அவளுக்குத் தெரிந்தது. மனம் ஏங்கியது... வெட்கம்கெட்டு ஏங்கியது.

பதினெட்டாம் நாள், முழங்கை வரை போட்டிருந்த ரப்பர் உறையைக்கூடக் கழற்றாமல் பட்டறை வாசலில் போய் நின்றாள். அவன் கொட்டாப்புளி நின்றது.

“உங்க ஆளுங்களுக்கு எங்க மேல கோபமே வரக் கூடாதே. ஏன் வரல நீ?”

“கோபம் இல்ல... வருத்தம். வருத்தப்படக் கூடாதுன்னு யாரும் கட்டுப் போடலையே.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நான் இப்போ கேலி பேசல, சுமானா. அன்னைக்குப் பயந்துட்டேன். நீ வராம... என்னால முடியல. எனக்கு நீ வேணும். நிஜமா பொண்ணு கேக்கறவன் பத்துக் கோலாக் கொட்டை அனுப்புவான். எங்க சித்தப்பாவுக்கு அனுப்பு. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

வாய் ஓயாதவன் கொட்டாப்புளியைக் கீழே வைத்தான். எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளிதான், “பதில் சொல்லுடா, மரம் மாதிரி இருக்கியே!” என்றான்.

சுமானா கைக்கு எட்டிய மூலையிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே பத்துக் கோலாக் கொட்டைகள், பறித்த அன்று போல ஈரமாக.

“உன்னைக் கேக்கறதுக்கு முந்தின நாளே வாங்கிட்டேன்...” என்றான். “வாடிடக் கூடாதுன்னு தினமும் ஈர இலை மாத்திட்டே இருக்கேன், அசித்தான்.”