பக்கத்து இருக்கையின் பிரேக்

புதிய பிரேக் பூஸ்டரை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, போட்டியில் கோப்பை வென்றவரைப் போல அவர் கார் ஷெட்டுக்குள் நுழைந்தார். அவர் காரை வைக்கப்போகும் பழைய கார் கண்காட்சியில் பிரேக்கைச் சோதிப்பார்களாம். இல்லாவிட்டால் மனிதர் அதைக்கூட வாங்கியிருக்க மாட்டார். பளபளப்புக்குச் செலவழிப்பார், பாதுகாப்புக்குக் கை வராது.

மெக்கானிக்குகள் எல்லாரும் முட்டாள்கள் என்பது அவர் கட்சி. உறவினர்களும் முட்டாள்கள்தான். முட்டாள்களில் முதலிடம் செத்துப்போன மனைவிக்கு.

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கால்களாலும் தரையை மிதிப்பாள். "அங்க ஏதுடி பிரேக்?" என்று நாலு பேர் முன்னால் சிரிப்பார். பழைய பூஸ்டர் புஸ்ஸென்று காற்று விட்டு, பெடல் கல்லாக இறுகியபோதும் அவள்தான் சொன்னாள். "கால்ல தெம்பில்லாதவனுக்குத்தான் பூஸ்டர்" என்றார். சரிவில் கார் நிற்கவில்லை. அடி அவள் பக்கம். இவருக்குச் சட்டை கசங்கியதோடு சரி.

மதியத்துக்குள் புதியதைப் பூட்டிவிட்டார். பின்னிருக்கையில் மகள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் உட்காரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"இதப் பாரு. பூப்போல மிதிச்சாப் போதும். மீதிய பூஸ்டர் பாத்துக்கும்."

என்ஜினை அணைத்து வைத்தபடி பெடலை இறுகும் வரை மிதித்தார். காலை அழுத்தியபடியே சாவியைத் திருப்பினார். பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்கியது. கர்வத்தோடு காலை எடுத்தார்.

பெடல் மேலே வரவில்லை.

இன்னும் கொஞ்சம் கீழே போனது.

கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். கார் உறுமியது, நடுங்கியது, அசையவில்லை. பெட்ரோல் நாற்றத்துக்கு மேலே மெல்லிய முகப்பவுடர் வாசனை எழுந்தது.

"அப்பா, பிரேக்ல இருந்து கால எடுங்க."

"எடுத்துட்டேன்."

மகள் முன்னால் எட்டிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையின் கீழே, அன்றுதான் விரித்த கம்பளத்தில், பாதங்கள் அளவுக்கு இரண்டு குழிகள் விழுந்திருந்தன. குழிகள் ஆழமாகிக்கொண்டே போயின.

"அம்மா..." என்றாள் வாய்க்குள்ளேயே. கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "நான் வரல. நீங்களும் போகாதீங்கப்பா."

"அப்படியே உங்கம்மா. பயந்தாங்கொள்ளி!"

அவரும் குனிந்து அந்தக் குழிகளைப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் மகள் முன்னால் தோற்பதா? பானெட்டைத் திறந்தார். என்ஜினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து இறுக்கினார். பூஸ்டர் இல்லாமல் ஓட்டாத ஆளா அவர்!

பெடல் மேலே வந்தது.

"இப்ப மிதி, பாக்கலாம்" என்றார் வெற்று இருக்கையிடம். சாலையில் கை நீட்டித் தடுத்த மகளுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

சரிவின் அடியில் ஒரு லாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

மிதித்தார். கல்.

எழுந்து நின்று இரண்டு கால்களாலும் மிதித்தார். வேகம் கூடியது. கைப்பிரேக்கை இழுத்தார், அதன் கம்பி அறுந்து பிடி கையோடு வந்தது. அதையும் அவர் துடைத்து மட்டும்தானே வைத்திருந்தார்.

பக்கத்தில் பார்த்தார். கம்பளத்தில் குழிகள் இன்னும் இருந்தன.

"மிதிடி!" என்று கத்தினார். கெஞ்சுவதிலும் அதிகாரம் போகவில்லை. லாரியின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண் படிக்கும் அளவுக்குப் பெரிதானது.

"மிதிம்மா... தாயே, மிதிம்மா..."

நசுங்கிக் கிடந்த நூலிழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் முனகியது. யாரோ கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சாய்ந்து உட்காரும் சத்தம்.