அங்கிட்டுப் பிடித்த கை

ஆளில்லாத கட்டிலில் விரித்திருந்த வாழை இலை வெதுவெதுப்பாக இருந்தது.

வியாகுலமேரி கையை வெடுக்கென்று எடுத்தாள். ஆவூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டுக்கு நர்சாக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. துணியில் படுத்தால் ரணம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இங்கே எல்லோருக்கும் வாழை இலைதான் படுக்கை. சமஸ்தானம் போய்ச் சில வருஷங்களாகியும் மின்சாரம் வராத அந்தக் கூடத்தில், சாயங்காலமானால் ஓட்டுச் சூடும் ஊதா மருந்தின் நெடியும் கொசுவலைகளுக்குள் தேங்கி நிற்க, ஈக்களின் ரீங்காரம் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோலக் கேட்கும். அந்தக் கட்டிலில் முந்தாநாள் இறந்தவள் ராக்காயி. "என்னையத் தூக்கி உக்கார வையிங்க" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவள். தொட்டால் தோல் கையோடு வந்துவிடும் என்று யாரும் தூக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சொர்ணம். அடுப்புத் தீ நெஞ்சையும் விலாவையும் தின்றிருந்தது. முதுகில் ஒரு கொப்புளமும் இல்லை. "அந்த முதுகு தப்பிச்சதாலதான் இவ பிழைப்பா. பத்திரமாப் பாத்துக்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய கைக்குழந்தை வராந்தாவில் பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

"எலை காஞ்சு குத்துதுங்க" என்றாள் சொர்ணம்.

"பந்தியில ஒக்காந்தவ மாதிரி எலை எலைன்னா நான் எங்கிட்டுப் போவேன்?" என்று சிரித்தபடி ஆயா ஆரோக்கியம்மாள் கொல்லைக்குப் போனாள்.

சற்று நேரத்தில் சொர்ணத்தின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. ஈரக் காலை இழுத்து இழுத்து வைக்கும் காலடி. வலையில் நிழல் விழுந்தது.

"வந்துட்டீங்களாக்கா? அங்கிட்டுப் பிடிங்க. மெதுவா."

வியாகுலமேரி தன் பக்கத்து வலையை ஒதுக்கித் தோளைத் தாங்கியதுமே சொர்ணத்தின் உடம்பு பஞ்சுபோல எழுந்து உட்கார்ந்தது. பழைய இலையை வியாகுலமேரி இரண்டு கைகளாலும் உருவினாள்.

"அக்கா கை என்னங்க இப்படிச் சுடுது?" என்றாள் சொர்ணம்.

வாசலில் சத்தம். தோளில் இலைக்கட்டோடு ஆரோக்கியம்மாள்.

"யார்கிட்ட பேசுறீங்க நர்சம்மா?"

வலையில் விழுந்த நிழல் அசையவில்லை.

வியாகுலமேரி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் இலை. சொர்ணத்தை அவள் இப்போது தாங்கவில்லை.

சொர்ணம் சாயவுமில்லை.

தீய்ந்த வாடை.

சொர்ணம் அலறினாள்.

பழுதில்லாத அந்த முதுகில் ஒரு கொப்புளம் எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. விரல் விரலாக. ஒரு கை முழுதாகத் தெரிந்தது. அதற்கு மேலே, தோளருகில், அடுத்த கையின் கட்டைவிரல் மெல்லச் சிவந்தது.