மூன்றாம் இலக்கத் தாய்ச்செடி

வதனி பஹீமாவின் அலுவலகத்துக்குள் வந்தபோது வேலைத்தலத்து ரப்பர் சப்பாத்து அவள் காலிலேயே இருந்தது. உன்னிச்சையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் காத்தான்குடி வந்து சேரும்வரை அதைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"மிஸ், நாளைக்குக் காலமை பொலிசுல என்ட பேரைக் குடுக்கப் போறாங்களாம். நான் கஞ்சாச் செடியைக் களவா வித்துப்போட்டனாம்."

பஹீமா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். காணி வழக்குகளில் பழகிய அந்த வழக்கறிஞருக்கு இது புதுவகை வழக்கு. விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் வதனி வேலைசெய்யும் பண்ணை. மருந்துக்காகக் கஞ்சா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்க அனுமதி பெற்றது. அங்கே பன்னிரண்டு தாய்ச்செடிகள் பூட்டிய அறைக்குள், பூக்கவிடாமல், நாளுக்குப் பதினெட்டு மணிநேர வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து துண்டு வெட்டி, வேர்பிடிக்க வைத்து, அந்தக் கன்றுகளைத்தான் பூக்க விடுவார்கள். துண்டில் வளர்ந்தது தாயின் அச்சு அசல். மருந்துக் கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான். அதிலும் மூன்றாம் இலக்கத் தாய்தான் பண்ணையின் உயிர். நான்கு வருடத்துக்கு முன் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னத் துண்டாக வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது.

"போன கிழமை வாங்குற ஆக்களிட்ட இருந்து அறிக்கை வந்திச்சு. பூவுல மருந்து பாதிதானாம். மூண்டாம் நம்பரில வெட்டின கன்றுகள்தான். மறுகா இலையை அனுப்பிச் சோதிச்சா, அது மூண்டாம் நம்பரே இல்லயாம். ஆரோ மாத்திட்டாங்களாம்."

"சாவி ஆரிட்ட?"

"மே மாசம் ஒண்டாந் திகதியில இருந்து என்னட்ட ஒண்டு, மனேஜர் பிரதீசிட்ட ஒண்டு. ஜூன்ல அவர் ரெண்டு கிழமை கொழும்புக்குப் போனவர். அப்ப ரெண்டு சாவியும் என்னட்டத்தான். அந்த நேரத்துல மாத்தினனாம்." அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "நான் ரெண்டே ரெண்டு தரம்தான் அதுல வெட்டினன் மிஸ். மே மாசமும் ஜூலையும். வேற ஒண்டும் தெரியாது."

எண்ணிக்கை குறையாவிட்டாலும், அனுமதி பெற்ற ஒரு செடி வெளியே போனால் அது போதைப்பொருள் குற்றம். பிணை எடுப்பதே லேசான காரியம் அல்ல என்பது பஹீமாவுக்குத் தெரியும். வதனிக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் கட்டாரில்.

பஹீமா உடனே நாவற்குடாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற கோணாமலை, ஒருமுறை தென்னைகளின் வயதைச் சொல்லி அவளது காணி வழக்கொன்றை முடித்துவைத்தவர். எதைக் கேட்டாலும் அரை நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இப்ப மாசம் என்ன?" என்றார்.

"ஓகஸ்ட் அஞ்சு, சேர்."

"சரி. பொலிசுக்குப் போக முந்தி அந்தச் செடியை எனக்குக் காட்டச் சொல்லுங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மூவரும் பண்ணையில் நின்றார்கள். முதலாளி பீற்றர் இரவு முழுக்கத் தூங்காத முகத்தோடு வந்தார். பெயர் கெட்டுப்போகுமே என்ற பயம் அவருக்கு, அதனால்தான் பார்க்கவிட்டார். பிரதீஸ் கதவைத் திறந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், விவசாயம் படித்தவன். வதனியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அறைக்குள் பச்சை வாடை மூச்சை அடைத்தது. கோணாமலை ஒவ்வொரு சட்டியின் முன்னும் குந்தியிருந்து, அடித்தண்டைக் கைவிளக்கால் பார்த்துக்கொண்டு போனார்.

"தம்பி, ஒரு தாயை எவ்வளவு காலம் வெச்சிருக்கலாம்?"

"நல்லாப் பார்த்தா அஞ்சாறு வருசமும் வைக்கலாம் சேர். ஆனா செடி முத்த முத்த நோய் வருத்தம் சேரும். வெட்டுற கத்தியால ஒண்டுல இருந்து மற்றதுக்குத் தொத்தும். ஒண்டு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அதுலயே ஒரு துண்டை வேர்பிடிக்க வெச்சு, அதைப் புதுத் தாயாக்கிப் பழசை எடுத்துடுறதுதான் நல்லம்."

"இங்க செஞ்சீங்களா?"

பிரதீஸ் பீற்றரைப் பார்த்தான். பீற்றர்தான் பதில் சொன்னார். "மேலதிகச் செடி ஒண்டு வைக்கிறதெண்டாலும் புதுசா அனுமதி எடுக்கணும். நான் வேணாம் எண்டு சொன்னன்."

மூன்றாம் இலக்கத்தின் முன் கோணாமலை அதிகநேரம் இருந்தார். "வளர்த்தியான செடி" என்றார்.

"ரெட்டை இலையாக் கிளம்பின நாள்ல இருந்து பிள்ளை மாதிரிப் பார்த்தன் சேர்" என்றான் பிரதீஸ்.

கோணாமலை கைவிளக்கை அணைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் பஹீமா அவர் காதருகே குனிந்தாள். "முதலாளிதான் சேர். இன்சூரன்சுக்காகச் செஞ்சிரிப்பாரு."

"அவசரப்படாதீங்க. எல்லாரையும் கூப்பிட்டு இருத்துங்க. நான் கை கழுவிட்டு வாறன்."

அலுவலக அறையில் மின்விசிறி மட்டும் சுழன்றது. வதனி கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முதல் கேள்வி, எப்ப மாத்தினது எண்டது" என்று கோணாமலை தொடங்கினார். "பீற்றர், துண்டு வெட்டின நாள்ல இருந்து காய்ஞ்ச பூவைச் சோதிச்சு அறிக்கை வரும்வரை எவ்வளவு காலம்?"

"நாலரை, அஞ்சு மாசம்."

"போன கிழமை வந்த அறிக்கை எண்டா, துண்டு வெட்டினது மார்ச்சில. மார்ச்சில வெட்டின துண்டே பிழையான செடியில வந்திருக்கு. ஜூன்ல மாத்தின செடி எப்படி மார்ச்சில துண்டு குடுக்கும்?"

பீற்றர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று பஹீமாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"செடியும் அதைத்தான் சொல்லுது. வதனி வெட்டினது ரெண்டு தரம். ஆனா அந்தத் தண்டுல நாலு தரம் வெட்டின வடு கிடக்கு. ரெண்டு இன்னும் வெளிறிக் கிடக்கு. மற்ற ரெண்டும் சாம்பல் நிறமாகிப் பட்டை மூடிட்டு. வதனியிட்ட சாவி வரமுந்தியே ஆரோ இந்தச் செடியில ரெண்டு தரம் வெட்டியிருக்காங்க."

"அப்ப சாவி..." என்று பஹீமா பரபரப்போடு தொடங்கினாள். கோணாமலை கையைக் காட்டினார்.

"ரெண்டாவது, இது எங்கயிருந்து வந்தது? மற்றப் பதினொரு செடியிலயும் அடியில இருந்தே கிளை மாறி மாறித்தான் போகுது. முத்தின தாயில வெட்டின துண்டு அப்பிடித்தான் வளரும். மூண்டாம் நம்பரில அடிக் கணுக்கள் எல்லாத்துலயும் கிளை சோடி சோடியா, நேருக்கு நேர் நிக்குது. அது விதையில பிறந்த செடி." அவர் பிரதீஸின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "குழாய்க்குள்ள துண்டா வந்த செடி ஒருநாளும் ரெட்டை இலையாக் கிளம்பாது தம்பி. விதைதான் அப்பிடிக் கிளம்பும். நீங்க பொய் சொல்லல்ல. இந்தச் செடி கிளம்பினதை நீங்க பார்த்திருக்கீங்க."

பிரதீஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்காமலே பேசினான்.

"நவம்பர் வெள்ளத்துக்குள்ள ரோட்டு உடைஞ்சு ஆறு நாள் நான் தனிய இங்க. கரண்ட் இல்ல, ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. மற்றதெல்லாம் தப்பிச்சு. மூண்டாம் நம்பர் முதலே வருத்தக்காரச் செடி, அழுகிட்டு. ஒரு செடி செத்தாலும் அதிகாரிமாருக்கு முன்னாலதான் எரிக்கணும். பதிவெழுதினா அனுமதி போயிடும் எண்டு பயந்தன். ராவோட ராவா எரிச்சன். பூ அறையில தப்பி விளைஞ்ச விதை கொஞ்சம் இருந்திச்சு. அதைப் போட்டன். இலையும் வாசமும் ஒரே மாதிரி. மருந்தும் ஒரே மாதிரி இருக்கும் எண்டு நினைச்சன்."

"பதிலுக்கு ஒரு செடி வெச்சிருந்தா..." என்று தொடங்கிய பீற்றர், அதைத் தடுத்தது தானே என்பது நினைவுக்கு வந்தவர்போல நிறுத்திக்கொண்டார்.

வதனி கதவோரத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். "அதெல்லாம் சரி. என்ட பேரை ஏன் சொன்னீங்க?"

பிரதீஸ் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க புதுசு. புது ஆள் எண்டா எல்லாரும் நம்புவாங்க எண்டு..."

"ஜூலையில மகளுக்குக் காய்ச்சல் எண்டு நான் அழுதப்ப, நீங்கதானே மோட்டச்சைக்கிள்ல ஆசுப்பத்திரிக்கு ஏத்திப் போனீங்க."

அவன் தன் சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

பீற்றர் தானே அதிகாரிகளுக்கு அறிவித்தார். அடுத்த கிழமை வந்தவர்கள் பன்னிரண்டு தாய்ச்செடிகளையும் பிடுங்கி, எண்ணி, எரித்தார்கள். பிரதீஸைக் கூட்டிப்போனார்கள். விசாரணை முடியும்வரை பண்ணைக்குப் பூட்டு. வேலைசெய்த முப்பத்தெட்டுப் பெண்களும் வீட்டில்.

வதனிமேல் குற்றம் இல்லை என்ற கடிதத்தைப் பஹீமா தானே உன்னிச்சைக்குக் கொண்டுபோனாள். கோணாமலையும் கூட வந்தார். வாசலில் வதனி கடிதத்தை இரண்டுமுறை வாசித்தாள். தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் அவளைக் கண்டும் காணாததுபோல் கடந்தார்கள்.

"என்னாலதான் பண்ணை பூட்டினதாம். ஆரும் என்னோட கதைக்கிறாங்க இல்ல" என்றாள்.

பஹீமா கோணாமலையைப் பார்த்தாள். அவர் அந்தப் பெண்கள் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வதனி கடிதத்தை நான்காக மடித்தாள். "மிஸ், இதைக் காட்டினா வேற எங்கயாவது வேலை தருவாங்களா?"

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் பஹீமா உடனே சொல்லியிருப்பாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"தெரியாதுகா. வாங்க, ஒரு விண்ணப்பம் எழுதுவம்."