ஒரு கேள்விக்கு ஒரு ஓதம்

பதினொன்றாம் வார்டில் அன்று காலை ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. அடுப்புகள் பரணில் இருந்தன. அரிசி மூட்டை, பாய், பிள்ளைகளின் புத்தகப் பை, தையல் மெஷின் என்று தூக்க முடிந்ததையெல்லாம் முந்தின நாளே மேலே ஏற்றிவிட்டார்கள். தூக்க முடியாத பீரோக்களுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மாதா கோயில் மாடியில் உட்காரவைத்தாயிற்று. இத்தனைக்கும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, புயல் அறிவிப்பும் இல்லை. அவர்களுடைய கவுன்சிலர் ஜெசிந்தா அன்றைக்கு நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கப்போகிறாள், அவ்வளவுதான்.

படகுத்துறை வரைக்கும் ரெஜினா கூடவே வந்தாள். ஐப்பசியில் கடல் பொங்கிய அன்று வார்டின் அலைக்கதவு இறங்கிவிட, அதற்கு வெளியே மாட்டிக்கொண்டு செத்த நான்கு பேரில் ஒருவன் அவள் புருஷன் அந்தோணிராசு.

"யக்கா, சுத்தி வளைச்சுப் பேசிட்டு நிக்காதீங்க. அவங்க பேச்சுல மயக்கிருவாங்க. யாருன்னு மட்டும் கேளுங்க."

"கேக்குறேன்."

"ஊரே சட்டிப் பானைய மேல ஏத்திட்டு உக்காந்திருக்கு. யாருன்னு தெரியாம வந்துராதீங்க."

ஜெசிந்தா தலையை ஆட்டிவிட்டுப் படகில் ஏறினாள். ரெஜினா அழுதிருந்தால் கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கழிமுகப்பட்டினத்தில் கடல் தெருவை விட உயரத்தில் இருந்தது. இது அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆச்சரியமான விஷயமே இல்லை. ஊரைச் சுற்றிச் சுவர், ஊருக்குள் பாத்தி கட்டியதுபோல வார்டு வார்டாகத் தடுப்பு. ஒவ்வொரு வார்டுக்கும் கடலைப் பார்த்து ஓர் அலைக்கதவு. மக்கள் அதை ஷட்டர் என்பார்கள். ஓதம் வந்து கடல்மட்டம் ஏறும்போதெல்லாம் சுவருக்கு அடியில் தண்ணீர் கசியும். அதை இறைத்துக் கொட்ட வார்டுக்கு ஒரு பம்பு. அது நின்றால் அந்த ஓதம் வடிகிற வரைக்கும் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

பம்புகளை இயக்குவது தலைமைப்பொறி என்கிற இயந்திரம். நகராட்சியின் தலைவரும் அதுதான். முன்பு மனிதர்கள் தலைவராக இருந்த காலத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தெருவுக்கு முதலில் இறைத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு வார்டுகள் முழுகிப்போன பிறகு, சாதி பார்க்காத, கமிஷன் வாங்காத, தூங்காத ஒரு தலைவர் வேண்டும் என்று ஊரே கேட்டது. கேட்டபடி கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, தலைமைப்பொறி யாரிடமும் பத்துப் பைசா வாங்கியது இல்லை.

மன்றக் கூடத்தில் வழக்கமான காட்சி. ஆளுக்கொரு டீ, ஒரு மிக்சர் பொட்டலம், பொருள் நிரல் என்ற பெயரில் ஒரு கட்டுக் காகிதம். உறுப்பினர்கள் மிக்சரைக் காகிதக் கட்டின் மேல் கொட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்தக் கட்டுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. துணைத்தலைவர் தணிகாசலம் மணியடித்து, "பொருள் ஒன்று" என்று வாசிக்கத் தொடங்குவார். இரண்டாவது வரிக்குள் யாராவது "ஆல் பாஸ்!" என்று கத்துவார்கள். மேஜைகள் தடதடவென்று அதிரும். எல்லாப் பொருள்களும் நிறைவேறின என்று அவர் அறிவிப்பார். டீயில் ஆடை படிவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

அன்று தணிகாசலம் வாய் திறப்பதற்கு முன்பே ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"வினாப்பொழுது வேணும்."

கூடத்தில் மிக்சர் கடிக்கிற சத்தம் நின்றது. தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. யாரும் சங்கடப்படக் கூடாது என்று நினைக்கிற மனிதர். இந்த ஊரை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்தான்.

"ஜெசிந்தாம்மா, யோசிச்சுத்தான் பேசுறீங்களா? உங்க வார்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்யா. எல்லாத்தையும் பரண்ல ஏத்தியாச்சு."

உறுப்பினர்கள் தலைமையைக் கேள்வி கேட்கலாம். அந்த உரிமையை எவரும் பறிக்கவில்லை. ஆனால் தலைமைப்பொறிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல, நகரத்தின் மொத்த நினைவையும் புரட்டி, ஒரு முடிவின் வேர் எதுவோ அதைப் பிடித்து வர வேண்டும். ஊரில் இருக்கிற மின்னிருப்பு ஒன்றே ஒன்று, அதில்தான் பம்புகளும் ஓடுகின்றன. ஒரு பதிலுக்கு ஆகிற மின்சாரம், ஒரு வார்டின் பம்பு ஒரு ஓதம் முழுக்க ஓடுவதற்குச் சமம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று கேட்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு ஓதம் கொடுக்க வேண்டும். எனவே யார் கேட்கிறாரோ அவர் வார்டின் பம்பு நிற்கும். நியாயமாகத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் வரவேற்பு வளைவில் யார் படம் பெரிசு என்று அரை நாள் கேள்வி கேட்டுக் கிழித்தவர்கள், இந்த விதி வந்த பிறகு கப்சிப் என்று ஆகிவிட்டார்கள். எல்லாரும் அதைப் பொறுப்புணர்வு என்று பாராட்டினார்கள்.

"ஆரம்பிக்கட்டுமா, ஐயா?"

தணிகாசலம் மணியை மெதுவாக அடித்தார். சுவரில் ஊரின் வரைபடம் மின்னிக்கொண்டிருந்தது. அதில் பதினொன்றாம் கட்டம் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. அங்கே பம்பு நின்றுவிட்டது.

ஜெசிந்தா மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள்.

"எங்க வார்டு ஷட்டரை இறக்கணும்னா முதல்ல கவுன்சிலரைக் கேக்கணும். அதுதான் வழக்கம். ஐப்பசியில கடல் பொங்குன அன்னைக்கு நான் போனைக் கையிலயே வச்சுட்டு உக்காந்திருந்தேன். படகுங்க உள்ள வந்துட்டிருந்துச்சு. கேட்டிருந்தா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. ஷட்டர் இறங்கிருச்சு. நாலு பேரு வெளிய நின்னு தட்டித் தட்டியே செத்தாங்க. என்னைக் கேக்காம இறக்கச் சொன்னது யாரு?"

தலைமைப்பொறி ஊரின் நினைவைப் புரட்டத் தொடங்கியது. கூடத்து மின்விசிறிகள் வேகம் குறைந்து நின்றன. வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் சாம்பல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவை இறக்கியது நான்" என்றது கடைசியில். யாரையும் நோகடிக்காத குரல். "உறுப்பினரைக் கேட்காமல் இறக்கும்படி எனக்கு உத்தரவிட்டது இந்த மன்றம். ஆவணி மாதக் கூட்டம், பொருள் பதினான்கு. ஒலிப்பதிவை இணைக்கிறேன்."

தணிகாசலத்தின் குரல் ஒலித்தது. "பொருள் பதினான்கு. அவசர காலங்களில் வார்டு உறுப்பினரின் இசைவு பெறாமலேயே அலைக்கதவை…"

அதற்கு மேல் அவரை யாரும் வாசிக்க விடவில்லை. "ஆல் பாஸ்!" என்று ஒரு பெண் குரல் எல்லாருக்கும் முந்திக்கொண்டு கத்தியது. தொடர்ந்து மேஜைகள் அதிர்ந்தன. "போதும்யா, பிரியாணி ஆறிரும், எந்திரிங்க" என்றது அதே குரல், சிரித்தபடி. கூடமே சிரித்தது.

அது ஜெசிந்தாவின் குரல்.

அன்றைக்குப் பத்தாம் வார்டு கவுன்சிலர் இப்ராம்சாவின் தங்கை கல்யாணம். மொத்த மன்றமும் அழைப்பில் இருந்தது. அந்தப் பிரியாணியின் ருசிகூட அவளுக்கு நினைவிருந்தது. பொருள் பதினான்கு நினைவில் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய ஆளுங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் இறக்குனியா?"

தணிகாசலம் அவசரமாக மணியை அடித்தார். "அது ரெண்டாவது கேள்விம்மா. ஒரு வார்டுக்கு ஒரு கூட்டத்துல ஒண்ணுதான்."

"அப்ப வேற யாராவது கேளுங்க." அவள் சுற்றிலும் பார்த்தாள். "யாராவது ஒருத்தர். அந்தத் தீர்மானத்தை எப்படி ரத்து பண்றதுன்னாவது கேளுங்க. உங்க ஷட்டருக்கும் அதே விதிதான். நாளைக்கு உங்க ஆளுங்க வெளிய நிப்பாங்க."

ஒவ்வொருவரும் தங்கள் முன்னால் இருந்த மிக்சரைப் பார்த்தார்கள். அவள் பார்வை இப்ராம்சாவிடம் வந்து நின்றது. அவன் அந்தோணிராசுவின் சவத்தைத் தோளில் சுமந்தவன்.

"அக்கா, என் வார்டுல பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு. கீழ்த்தளத்துல பதினாலு பொம்பளைங்க படுத்திருக்காங்க. நான் எப்படிக்கா?" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு வார்டிலும் நகர்த்த முடியாத யாரோ படுத்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது தணிகாசலம் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"அம்மா, இந்த ஒலிப்பதிவு வெளிய போகாது. கதவுல பழுதுன்னு குறிப்புல போட்டுர்றேன். நீங்களும் ஊர்ல அப்படியே சொல்லிருங்க. யாருக்கும் சங்கடம் இல்ல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ஜனங்களோட நீங்க இன்னும் வாழணும்ல?"

அடுத்த மாதத்துப் பொருள் நிரல் கட்டையும் ஒரு மிக்சர் பொட்டலத்தையும் அவள் கையில் திணித்தார். உறுப்பினர்களுக்கு அதுதான் வழக்கமான வழியனுப்பு.

படகில் வரும்போது ஜெசிந்தா அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்தாள். "கதவுல பழுதாம்." வாயில் நன்றாகவே பொருந்தியது. நாலு தடவை சொன்னதில் அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

வார்டுக்குள் நுழைந்ததும் படகைத் தெருவிலேயே ஓட்ட முடிந்தது. தண்ணீர் சன்னல் மட்டத்தில் நின்றது. எதிரில் ஒரு செருப்பும் ஒரு பிளாஸ்டிக் குடமும் மிதந்து வந்தன. செங்கல் சரிந்து யார் வீட்டுப் பீரோவோ வாசலில் குப்புற விழுந்து கிடந்தது. மாதா கோயில் மாடியில் வார்டே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. ரெஜினா படிக்கட்டில், தண்ணீர் தொடுகிற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"யாருக்கா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அவ்வளவு ஒத்திகை பார்த்த வார்த்தை வரவில்லை. இந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் இவர்கள் இந்தத் தண்ணீரை உள்ளே விட்டார்கள்.

"நாங்கதான். மன்றத்துல தீர்மானம் போட்டிருக்கோம், கவுன்சிலரைக் கேக்காம இறக்கலாம்னு. படிக்கல. ஆல் பாஸ்னு கத்துனோம்." மூச்சை இழுத்தாள். "முதல்ல கத்துனது நான்."

யாரோ ஒருவர் காறித் துப்புகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் வாய்விட்டு அழத் தொடங்கினாள். ரெஜினா அசையவே இல்லை.

"ஏன் படிக்கல?"

"கல்யாணத்துக்குப் போற அவசரம். பிரியாணி ஆறிரும்னு."

ரெஜினா கையை ஓங்கினாள். ஆனால் அடிக்கவில்லை. அந்தக் கையை ஜெசிந்தாவின் பைக்குள் விட்டு, எண்ணெய்க் கறை படிந்த காகிதக் கட்டை வெளியே உருவினாள்.

"இது என்ன?"

"அடுத்த கூட்டத்துக்குள்ளது."

"படி."

"ரெஜினா…"

"படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

இருவரும் மாடிக்கு ஏறினார்கள். ஜெசிந்தா படித்தாள். கவுன்சிலராகி இத்தனை வருஷத்தில் ஒரு கட்டைத் தொடக்கத்திலிருந்து அவள் படித்தது அதுதான் முதல் தடவை. தெருவிளக்கு மாற்றுவது, குப்பை வண்டி டெண்டர், பூங்காவுக்குப் பெயர் வைப்பது. பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பொருள் ஒன்பது வந்தது.

"மின்னிருப்பைச் சேமிக்கும் பொருட்டு, பதினொன்றாம் வார்டின் நீரிறைப்பை நிரந்தரமாக நிறுத்தவும், குடியிருப்போரை மேட்டு முகாமுக்கு மாற்றவும் மன்றத்தின் அனுமதிக்கு."

பின்னால் இருந்து சூசை என்ற வலை பின்னுகிறவர் கேட்டார். "மாட்டோம்னு சொல்ல முடியாதா தாயி?"

"சொல்லலாம். மறுப்பை வினாவாத்தான் வைக்கணும்னு விதி. வேற உறுப்பினர் யாரும் கேக்க மாட்டாங்க, இன்னைக்குப் பார்த்துட்டேன். நான்தான் கேக்கணும்." அவள் கீழே தெருவைப் பார்த்தாள். "இதே மாதிரி."

ஓதம் வடியத் தொடங்கியிருந்தது. கீழே இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு வீட்டுப் பரணிலிருந்து பாத்திரங்களை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரெஜினா அந்தக் காகிதங்களை மடித்து ஜெசிந்தாவின் கையில் திரும்ப வைத்தாள்.

"உன் மூஞ்சில இனிமே நான் முழிக்க மாட்டேன்" என்றாள். "ஆனா நீதான் போய்க் கேக்கணும். எங்க யாருக்கும் அங்க நாற்காலி இல்ல."

பிறகு மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து, அந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"ஏய்! இறக்காதீங்க. எல்லாம் மேலயே இருக்கட்டும்."