பட்டன் பிரிக்கும் ரெபேகா

தலைமையாசிரியர் அறையில், பிள்ளைகளின் அறிவைச் சோதிக்கும் டாக்டர் பெட்ராஷ் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் பள்ளி வாங்கிய 'சமூக நல்லிணக்க விருது'... பித்தளை. நல்ல கனம்!

இன்ஸ்பெக்டர் ஹலுஷ்கா கொட்டாவியை விழுங்கினார். கிழக்கு ஸ்லோவாக்கியாவில் எங்கே பிணம் விழுந்தாலும், காபி ஆறுவதற்குள், ஊர் 'ஜிப்சி' என்று ஒதுக்கும் ரோமா இனத்து ஆள் ஒருவன் விலங்கோடு நிற்பான்.

இன்றைக்கு, கெய்சா துங்கா.

"நேத்து டாக்டரைத் திட்டினியா?"

"திட்டினேன் சார். வீட்ல நாங்க ரோமானி பேசறவங்க. என் பொண்ணு ஸ்கூல் சேரும்போது ஸ்லோவாக்ல கேள்வி கேட்டு, முழிச்ச புள்ளைய மூளை வளரலைன்னு இந்த ஸ்பெஷல் ஸ்கூலுக்குத் தள்ளிட்டாரு. எங்க தெருவே இங்கதான் சார் படிக்குது! மூளைப் பஞ்சம் எங்க தெருவுக்கு மட்டும்தானா?"

"அதுக்காகக் கொல்றதா?" தலைமையாசிரியர் வ்ராபெல் கண்ணைத் துடைத்தார். கண்ணீர் வரவில்லை. கைக்குட்டை மட்டும் வந்திருந்தது. "இவங்களுக்காகவே வாழ்ந்த மனுஷன்!"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"சர்ச்சுல. காலைப் பூசை."

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

திறந்த கதவுக்கு அந்தப் பக்கம், அடுத்த அறையில், கெய்சாவின் மகள் ரெபேகா. பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளி அவளுக்குக் கொடுத்த படிப்பே அதுதான். காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள். போலீசும் அவளை ஒரு நாற்காலி மாதிரி சுற்றிக்கொண்டு போயிருந்தது... ஹலுஷ்கா உட்பட!

"டாக்டர் சொன்னாரு... 'அந்த அப்பன் திட்டினது நியாயம்தான். இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாரையும் சாதாரண ஸ்கூலுக்கு மாத்தப் போறேன்.' ஹெட்மாஸ்டர் கத்தினாரு... 'அப்புறம் என் ஸ்கூல்ல யாருய்யா இருப்பா?' டாக்டர் திரும்பி நடந்தாரு. இவரு அந்தப் பித்தளையை எடுத்தாரு..."

சுத்தமான ஸ்லோவாக். ஒரு தடங்கல் இல்லை.

"ஏம்மா, முன்னாடியே சொல்லலாமில்ல?"

"யாரும் கேக்கலையே."

வ்ராபெல் குறுக்கே பாய்ந்தார்.

"இன்ஸ்பெக்டர்! அவளுக்கு எதுவும் புரியாது! புரியும்னு தெரிஞ்சிருந்தா நான் கதவைச் சாத்திட்டு..."

கதவுக்குப் பதில் வாயைச் சாத்தினார்.

தாமதம்!

கெய்சாவின் விலங்கு கழன்றது. வ்ராபெலின் கைகளில் ஏறியது.

"எ... என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

ஹலுஷ்கா களைப்போடு தொப்பியை மாட்டினார்.

"அதுவும் ஸ்பெஷலான இடம்தான் சார். சேர்றது ரொம்ப சுலபம்... டி.சி. வாங்கறதுதான் கஷ்டம்!"